கம்பத்து எண் தெரிய வேண்டும்

சௌபாத்தி

இரவு பதினொன்றரைக்கு மேல்தான் மும்பைக் கடற்கரை இரண்டாகப் பிரிகிறது. வீடுள்ளவர்கள் எழுந்து, உடையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். மற்றவர்கள் மிஞ்சுகிறார்கள். கிர்காவ் சௌபாத்தியில் பேல்பூரிக் கடைகளின் விளக்குகள் அணைந்த பிறகு பார்த்தால், பலூன் விற்ற சிறுமி அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருப்பாள். மாலை முழுக்க எண்ணெய்ப் புட்டிகளைக் கம்பிக்கூட்டில் ஏந்தி, 'மாலிஷ், தேல் மாலிஷ்' என்று கூவி நடந்தவர் அந்தக் கூட்டையே தலைமாட்டில் வைத்துக் கால்நீட்டியிருப்பார். வளைந்து போகும் மரைன் டிரைவின் விளக்குகள் அப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அந்த வரிசையில் நிற்கும் ஆர்ட் டெகோ கட்டடங்களை 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உலகமே வந்து படமெடுக்கும் முகம் அது. நான் படமெடுக்க வந்தது அதன் எதிரே மணலில் கிடப்பவர்களை.

மே மாதக் கடைசி. எங்கள் தூத்துக்குடியில் இப்போது மேல்காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். இங்கே காற்று இருந்தும் வியர்வை காயவில்லை. மழை இன்னும் இரண்டு வாரத்தில் வந்துவிடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சிலருக்கு அது ஆறுதல். தெருவில் இருப்பவர்களுக்கு அது கெடு.

எங்கள் ஊரிலும் கடற்கரையில் ஆண்கள் உறங்குவார்கள். விடிகாலையில் தொழிலுக்குப் போகிறவர்கள், வீட்டுப் புழுக்கம் தாங்காமல் படகோரம் பாயைப் போட்டுப் படுப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறது. வேண்டும்போது திறந்து உள்ளே போகலாம். சௌபாத்தியில் படுத்திருப்பவருக்கு அந்தக் கதவு இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு உறக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். புகைப்படத்திலும் ஒன்றுபோலத்தான் விழும். தெருவாசிகளை உறக்கத்தில் எடுக்கும் படங்களில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் எளிது: உறங்குகிறவரிடம் அனுமதி கேட்க முடியாது. நடைபாதையில் விரித்த பாய் ஒருவருடைய படுக்கையறை. அதற்குள் கதவைத் தட்டாமல் நுழைகிற உரிமையைக் கேமரா எனக்குத் தரவில்லை. அதனால் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றை மட்டும் கொண்டுபோயிருந்தேன். அதில் ஒருவர் முகத்தை எடுக்க வேண்டுமானால் அவர் அருகே போய், குனிந்து, பேசித்தான் ஆக வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28ஆம் தேதி இரவு, வீடற்றவர்களை நாடெங்கும் எண்ணினார்கள். மும்பைக்குக் கிடைத்த எண்ணிக்கை 57 ஆயிரத்துச் சொச்சம். நாடு முழுவதற்கும் 17.7 லட்சம். உண்மையில் இதைவிடப் பல மடங்கு என்பது தெருவில் வேலை செய்யும் அமைப்புகளின் வாதம். ஒரே இரவில் எண்ணி முடிக்கிற காரியமா இது? காவலர் விரட்டியதால் அடுத்த தெருவுக்குப் போனவரும், இரவு வேலைக்குப் போனவரும் அந்தக் கணக்கில் எங்கே வந்திருப்பார்கள்?

மணலை ஒட்டிய நடைபாதையில் ஒரு பெண் எலுமிச்சம்பழத்தையும் பச்சைமிளகாயையும் நூலில் கோத்துக்கொண்டிருந்தார். மறுநாள் சனிக்கிழமை. கடை வாசலிலும் டாக்சி முகப்பிலும் திருஷ்டிக்குத் தொங்கவிட நகரம் முழுக்க அதை வாங்கும். பார்தி சமூகத்தைச் சேர்ந்தவர். நம் நரிக்குறவர்களைப் போல வேட்டையை நம்பி வாழ்ந்த மக்கள் அவர்கள். 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியதும் அவர்களைத்தான். அந்தச் சட்டம் என்ன செய்யும் என்பது தமிழர்களுக்குத் தெரியும். 1920இல் உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்து பதினாறு பேர் இறந்தார்கள். சட்டம் போய் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மும்பை நடைபாதையில் ஏதாவது திருட்டுப் போனால் முதல் லத்தி தங்கள் பாய்மேல்தான் விழும் என்று அந்தப் பெண் சொன்னார்.

படம் எடுக்கலாமா என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, பிள்ளைகளை அதட்டி எழுப்பி வரிசையாக நிற்கவைத்தார். பிறகு என்னைக் கொஞ்சம் இடப்பக்கம் நகரச் சொன்னார். எதற்கு என்று புரியவில்லை. பின்னாலிருந்த விளக்குக் கம்பத்தைக் காட்டினார். அதில் மாநகராட்சி எழுதிய எண் இருந்தது.

"நம்பர் விழணும் பாயி. எதிர்க்கடை போர்டும் விழணும். நாங்க இங்கேதான் இருக்கோம்னு தெரியணும்."

மூத்த மகளின் பள்ளிக்குச் சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். பழங்குடிச் சான்று வேண்டுமானால் 1950க்கு முன்பே குடும்பம் மாநிலத்தில் இருந்ததற்கு ஆவணம் காட்ட வேண்டும். ஊர் ஊராகத் துரத்தப்பட்ட ஒரு சமூகத்திடம் 1950இன் முகவரிக்கு எங்கே போய்த் தாள் தேடுவது? பெரிய ஆவணம் கிடைக்காதவர்கள் சின்ன ஆவணங்களைச் சேர்க்கிறார்கள். தடுப்பூசி அட்டை, மருத்துவமனைச் சீட்டு, யாரோ எடுத்துக்கொடுத்த புகைப்படம். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் இன்னொன்று என்று சுற்றி வைத்திருந்ததைப் பிரித்துக் காட்டினார்.

நான் கம்பத்து எண்ணோடு எடுத்தேன். மறுநாளே அச்சுப் போட்டு, பின்புறம் தேதி எழுதிக் கொண்டுவந்து கொடுத்தேன். கண்காட்சிச் சுவருக்கு அந்தப் படம் தேறாது. கம்பம் நடுவில் துருத்திக்கொண்டிருக்கிறது, கடைப் பலகை பாதி இடத்தை அடைத்துவிட்டது. இந்தப் பயணத்தில் நான் எடுத்தவற்றில் யாருக்கோ உண்மையாகவே தேவைப்பட்ட படம் அது.

கோட்டைப் பகுதி, பி. டிமெல்லோ சாலை

ஃபோர்ட் பகுதியில் வெள்ளைக்காரர்கள் கட்டிய கல் கட்டடங்களுக்கு நீண்ட வளைவு நடைகள் உண்டு. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கவென்றே கட்டியவை. பகலில் பழைய புத்தகமும் கைக்கடிகார வாரும் விற்கிறவர்களுக்கும் இரவில் படுப்பவர்களுக்கும் அதுதான் கூரை. நம் ஊர்த் திண்ணைகள் நினைவுக்கு வந்தன. வழிப்போக்கனுக்கென்று வீட்டோடு சேர்த்துக் கட்டிய இடம். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் இப்போது ஒரு வீட்டில்கூடத் திண்ணை திறந்து கிடக்கவில்லை, எல்லாம் இரும்பு அளிக்குள். இங்கே 2018இல் ஒரு வங்கிக் கிளையின் வாசல் விளிம்பில் கூரான இரும்பு முட்களையே வரிசையாகப் பதித்தார்கள். படம் பரவி, மக்கள் கோபப்பட்ட பிறகு பிடுங்கினார்கள். உட்காருகிற மனிதனை மனத்தில் வைத்துத்தானே ஒருவர் அந்த முள்ளின் உயரத்தையும் இடைவெளியையும் அளந்திருக்க வேண்டும்? அதை நினைக்க எனக்கு நெஞ்சு பதறுகிறது.

1887இல் கட்டிமுடிக்கப்பட்ட விக்டோரியா டெர்மினஸ், இன்றைய சத்ரபதி சிவாஜி மகராஜ் நிலையம், அதைத் தாண்டிக் கிழக்கே போனால் பி. டிமெல்லோ சாலை. ஒரு பக்கம் துறைமுக மதில். பிளாசிட் டிமெல்லோ துறைமுகத் தொழிலாளர்களின் தலைவராக இருந்தவர். அவர் பெயர் தாங்கிய சாலையின் நடைபாதையில் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. மதிலில் சாய்த்துக் கட்டிய ஆளுயரக் குடிசைகள். அடுப்பு வெளியே, பாத்திரம் உள்ளே. விடிகாலையில் பெண்கள் குடங்களோடு தண்ணீர் தேடிப் போகிறார்கள். ஒரு குடத்துக்கு என்ன விலை என்பது அந்தந்த நாளின் தட்டுப்பாட்டைப் பொறுத்தது.

குடிசையும் இல்லாத ஆண்கள் கைவண்டிகளின்மேல் படுக்கிறார்கள். பகலில் தள்ளுகிற வண்டியே இரவில் கட்டில். ஒரு வண்டியில் உட்கார்ந்து பல்துலக்கிக்கொண்டிருந்த பெரியவர் சாத்தாராப் பக்கத்துக்காரர், மாத்தாடி. தலைச்சுமைத் தொழிலாளரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர்களுக்கென்று 1969இலேயே மகாராஷ்டிரத்தில் தனிச் சட்டம் வந்தது. கப்பலிலிருந்து மூட்டை இறங்கிய காலத்தைப் பற்றி அவர் பேசினார். 1989இல் எதிர்க்கரையில் நவா ஷேவா துறைமுகம் திறந்தது. சரக்கெல்லாம் கன்டெய்னரில் பூட்டி அங்கே போய்விட்டது. துறைமுக ஊரில் பிறந்த எனக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெட்டிக்குள் போன சரக்கைத் தூக்க முதுகு தேவையில்லை. அவர் இப்போது மஸ்ஜித் பந்தர் மொத்தக்கடைகளுக்கு வண்டி தள்ளுகிறார். அறை எடுத்தால் நகரத்துக்கு வெளியே வெகுதூரத்தில்தான் எடுக்க முடியும். முதல் லோடு விடியுமுன் வந்துவிடும், அப்போது இங்கே இருப்பவனுக்குத்தான் வேலை.

கட்டிங் சாய் வாங்கிக் கொடுத்தார். பணத்தை என்னைத் தொடவிடவில்லை. படத்துக்குச் சம்மதித்தவர், வண்டியில் மூட்டை ஏறும்வரை காத்திருக்கச் சொன்னார். காலி வண்டியோடு நிற்க மாட்டாராம். மூட்டைகள் ஏறியதும் நுகத்தடிக்குள் புகுந்து நின்று, "இப்போ" என்றார்.

வேலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியிருப்பதால்தான் இவர்கள் நடைபாதையில் படுக்கிறார்கள் என்பதை இந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே எழுதிவைத்திருக்கிறது. 1981 ஜூலையில், மழை கொட்டும் மாதத்தில், மாநில முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே பம்பாயின் நடைபாதைவாசிகளை அகற்றி அவரவர் ஊருக்கு அனுப்ப உத்தரவிட்டார். எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளர் இருந்தார். கூடவே சேலத்துக்காரர் ஒருவரும் இருந்தார். வறட்சியில் வேலையற்றுப்போன நிலமில்லாக் கூலி. 1961இல் பம்பாய் வந்து, தஹிசரில் ஒரு ரசாயன ஆலையில் நாளுக்கு 23 ரூபாய் கூலிக்குச் சேர்ந்தவர். நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் கூரைக்கு தாதா ஒருவனுக்கு 2,500 ரூபாய் அழுதவர். ஜூலை 23 அன்று குடிசையை இடித்து, மனைவியோடும் மூன்று மகள்களோடும் சேலம் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் மகள்களும் சேலத்தில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பிவந்து மறுபடி நடைபாதையிலேயே குடியேறினார். இதெல்லாம் 1985 ஜூலை 10 தீர்ப்பில் இருக்கிறது. வாழும் உரிமையில் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று சொன்ன தீர்ப்பு அது. அதே தீர்ப்புதான் மழைக்காலம் முடிந்ததும் அவர்களை அகற்றலாம் என்றும் சொன்னது. பல சட்ட மாணவர்கள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுப் பரீட்சை எழுதுகிறார்கள். நடைபாதையில் இருந்தவர்கள் இரண்டாம் பாதியில் வாழ்ந்தார்கள்.

பைகுல்லா

பைகுல்லாவுக்கு நான் போனதே ஒரு கணக்கெடுப்பைத் தேடித்தான். அந்தத் தீர்ப்பு வந்த அதே 1985இல் ஸ்பார்க் என்ற அமைப்பும் இப்பகுதி நடைபாதைப் பெண்களும் சேர்ந்து தங்களைத் தாங்களே எண்ணினார்கள். ஆறாயிரத்துக்கும் அதிகமான குடும்பங்கள். யார், எந்த ஊர், எப்போது வந்தார்கள், என்ன வேலை, என்ன கூலி. வெளிவந்த அறிக்கைக்குக் 'கண்ணுக்குத் தெரியாத நாங்கள்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். சோம்பேறிகள், நேற்று வந்தவர்கள், ஊரில் நிலம் வைத்துக்கொண்டு இங்கே வந்து குந்தியவர்கள் என்று நகரம் சொல்லிவந்த ஒவ்வொன்றுக்கும் அதில் எண்களில் பதில் இருந்தது. பெரும்பாலோர் பல ஆண்டுகளாக அதே இடத்தில் இருந்தவர்கள். நாட்டின் ஏழ்மையான மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். வேலைக்கு நடந்தே போனவர்கள்.

அந்தப் பெண்கள் 1986இல் மகிளா மிலன் என்ற கூட்டமைப்பைக் கட்டினார்கள். தினமும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று சேமித்தார்கள். தங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்பதைத் தெருவிலேயே சேலைகளை விரித்துக்கட்டி, அளந்து, உள்ளே போய் நின்று பார்த்தார்கள். பதினான்கு அடி உயரத்தில் கூரை வேண்டும், அப்போதுதான் நடுவே ஒரு பரண் போட்டு மேலேயும் படுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். அவர்களோடு நின்றவர்களில் ஒருவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், வேலை தேடிப் பம்பாய் வந்தவர், 1974இல் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைத் தொடங்கி, 2000இல் மகசேசே விருது பெற்றவர். 2018இல் காலமானார். தமிழ்நாட்டில் அவர் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டிய மனிதர்.

ரயில் பாலத்தை ஒட்டிய ஒரு சந்தில், நடைபாதைக் குடிசை வாசலில் ஒரு மூதாட்டி நகைப்பெட்டிக்கு வெல்வெட் ஒட்டிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் மௌசி, சித்தி. எனக்கும் அப்படியே ஆகிவிட்டார். முட்டை புர்ஜியும் பாவும் வரவழைத்துச் சாப்பிட வைத்தார். காரம் தூக்கலாக, பச்சை வெங்காயம் கடிபட, வடாபாவைவிட எனக்கு அதுதான் பிடித்தது. பேச்சு போட்டோ பாஸில் வந்து நின்றது.

1976இல் அரசு மும்பையின் குடிசைகளைக் கணக்கெடுத்தபோது குடும்பத்தைக் குடிசை வாசலில் நிறுத்திப் படம் எடுத்து, அட்டை கொடுத்தார்கள். அதற்குப் பெயர் போட்டோ பாஸ். பின்னாளில் இடித்தால் மாற்று இடம் கேட்க அந்த அட்டைதான் ஆதாரம். நடைபாதையில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் கணக்கிலேயே சேர்க்கப்படவில்லை. பிறகு 1995 ஜனவரி 1க்கு முன்பிருந்தவர்கள் என்று ஒரு தேதி வந்தது, அதன்பிறகு 2000 என்று ஒரு தேதி. ஒவ்வொரு தேதிக்கும் முன்னால் வந்தவன் மனிதன், மறுநாள் வந்தவன் ஆக்கிரமிப்பாளன். மௌசி தன் கணவரோடு ஒரு தள்ளுவண்டி முன்னால் நின்ற படத்தை லேமினேட் செய்து வைத்திருந்தார். அதை எடுத்தவர் யாரோ ஒரு வெள்ளைக்காரர். தேதி இல்லாததால் எந்த அதிகாரியும் அதை ஏற்கவில்லை.

"அழகா எடுத்தான், தேதி போடாம போயிட்டான்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கு அவரைவிட எனக்குத்தான் காரணம் இருந்தது, ஏனென்றால் அது என் தொழில். அமெரிக்கப் பெருமந்தக் காலத்தில், 1936இல், டோரோத்தியா லாங்கே எடுத்த புலம்பெயர்ந்த தாயின் படம் உலகப் புகழ் பெற்றது. அதிலிருந்த புளோரன்ஸ் தாம்சன் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே வந்து, அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று சொன்னார். அந்தப் படத்தின் பெருமையை நான் குறைக்கவில்லை; அது வெளிவந்ததும் அந்த முகாமுக்கு உணவு வந்து சேர்ந்தது. ஆனால் படமெடுத்தவர் எதை எடுத்துக்கொண்டு போகிறார், எதை விட்டுவிட்டுப் போகிறார் என்ற கணக்கை யாராவது கேட்கத்தான் வேண்டும். மௌசி கேட்டார்.

பரேல்

பரேலில் 1941 முதல் இயங்கும் டாடா நினைவு மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் இருப்பவர்கள் வேறு வகை. வீடு இருக்கிறது, பீகாரிலோ வங்காளத்திலோ. நாடு முழுவதிலிருந்தும் புற்றுநோய்க்கு வந்தவர்கள், அடுத்த சுற்று மருந்துக்கு இன்னும் இத்தனை நாள் என்று காத்திருக்கிறார்கள். தர்மசாலைகளும் தொண்டு இல்லங்களும் நிரம்பிவிட்டால் மேம்பாலத்தடியும் மதிலோரமும்தான். எக்ஸ்ரே உறைகளை மழைத்தாளில் சுற்றி மரக்கிளையில் தொங்கவிட்டிருந்தார்கள். மூக்கிலும் வாயிலும் துணிமுகமூடி கட்டிய ஒரு சிறுவன் சுவரில் கரித்துண்டால் கிரிக்கெட் ஸ்டம்பு வரைந்துகொண்டிருந்தான்.

அவன் தந்தையிடம் படம் கேட்டேன். தலையாட்டி மறுத்தார். சற்று நேரம் கழித்து அவராகவே காரணம் சொன்னார். ஊரில் தாயாரிடம், சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். செல்போன் பேசும்போது பின்னால் வண்டிச் சத்தம் கேட்கக் கூடாதென்று மருத்துவமனை வளாகத்துக்குள் போய்த்தான் பேசுகிறார். அந்தக் கிழவிக்குப் படம் எந்த வழியிலாவது போய்ச் சேர்ந்துவிடும் என்று பயம்.

பரேலில் நான் ஒரு படமும் எடுக்கவில்லை.

மாட்டுங்கா

மாட்டுங்காவில் தோசைக் கல்லின் வாசனையும் பூக்கடையும் குங்குமமும் கண்டவுடன் கால்கள் தானாகவே மெதுவாகிவிட்டன. இலையில் சாதம், வற்றல்குழம்பு, அப்பளம். வெளியே வந்தபோது சைக்கிளில் அலுமினியப் பாத்திரமும் ரப்பர் ஹார்னுமாக ஒரு இட்லிக்காரர். கோவில்பட்டிக்காரர். தாராவியில் இரவெல்லாம் மாவாட்டி, விடியுமுன் அவித்து, நகரம் முழுக்கக் கொண்டுபோகிறவர்களில் ஒருவர். "தூத்துக்குடின்னா நம்ம பக்கந்தானண்ணே" என்று இரண்டு இட்லியைக் கூடவே வைத்தார். நடைபாதையில் படுப்பவர்களுக்குக் காலையில் முதலில் கிடைக்கிற சூடான உணவு பல இடங்களில் இவர்களுடையதுதான். கையில் காசில்லாத நாளில் கணக்கு எழுதாமலே கொடுப்பதாகச் சொன்னார்.

அங்கே மேம்பாலத்தின் அடியில் 2016இல் திறந்த ஒரு பூங்கா இருக்கிறது. நர்மதை ஆற்றின் போக்கை ஒத்து வளைந்து போகும் நடைபாதை, செடிகள், சுற்றிலும் கம்பிவேலி, திறக்கவும் மூடவும் நேரம். பாலத்தடியில் ஆக்கிரமிப்பும் குப்பையும் சூதாட்டமும் வராமலிருக்க அப்பகுதி மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்றது. காலையில் பெரியவர்கள் அங்கே நிம்மதியாக நடக்கிறார்கள், அந்த நிம்மதியும் நியாயமானதே. ஆனால் மழைக்கு ஒதுங்க நகரத்தில் மிஞ்சியிருக்கும் பெரிய கூரைகள் மேம்பாலங்கள்தான். பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில், ஆண்டு முழுதும் இரவுபகல் திறந்திருக்கும் தங்குமிடங்கள் வேண்டும் என்று 2010இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2011இல் 1.24 கோடிப் பேர் வாழ்ந்த மும்பைக்கு அந்தக் கணக்குப்படி நூற்றிருபதுக்கு மேல் வேண்டும். நகரம் அந்த எண்ணிக்கையின் அருகே வந்ததில்லை. தங்குமிடத்தைக் கட்டிவிட்டுப் பாலத்தடியில் செடி வைத்திருந்தால் நானும் அந்த நர்மதையோரம் மகிழ்ச்சியாக நடந்திருப்பேன்.

மாஹிம்

மாஹிமில் மக்தூம் அலி மாஹிமி தர்காவுக்குப் போகும் வழியில் சில உணவுக்கடைகளின் வாசலில் மனிதர்கள் வரிசையாகக் குத்தவைத்து அமர்ந்திருப்பார்கள். யாராவது வந்து கல்லாவில் 'பத்துப் பேருக்கு' என்று பணம் கட்டினால், கடைக்காரர் வெளியே பார்த்துப் பத்துப் பேரை உள்ளே கூப்பிடுவார். ரொட்டி, பருப்பு, சில நாள் இறைச்சிக் குழம்பு. நேர்ச்சைக்காரர் முகத்தைச் சாப்பிடுபவர் பார்க்க வேண்டியதில்லை. பல காலமாக நடக்கும் அறம் இது. பெரிய லென்ஸ்களோடு எதிர்ப்புறத்தில் நின்று அந்த வரிசையைப் படமெடுக்கிறவர்களும் அன்று இருந்தார்கள். காத்திருந்தவர்களில் பலர் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். என் கேமராவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

வரிசையின் ஓரத்தில் ஓர் அம்மா முனகிய வார்த்தை தமிழாக இருந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கம். வீட்டு வேலைக்காரியாக இருந்தவர். கணவரின் சிறுநீரக வைத்தியத்தில் சேமிப்பு கரைந்தது, பிறகு அறை போனது.

"ஊருக்குப் போயிடலாமேக்கா?"

"அங்க மட்டும் யாரு தம்பி வாசத்தொறந்து வச்சிருக்கா? இங்கன்னா வேலையாச்சும் கெடைக்கும். ரூமுக்கு டெபாசிட்டு கேக்கறான், அம்பதாயிரம். அம்பதாயிரம் இருந்தா நான் எதுக்கு இங்க குந்தியிருக்கேன்?"

இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். காலை ஆறு மணிக்கு முன் கட்டணக் கழிப்பிடத்தில் குளித்து, துவைத்த சேலை கட்டி, பூ வைத்துத்தான் போகிறார். எங்கே படுக்கிறார் என்பது அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் வேலை போகும். பிச்சைத் தடுப்புச் சட்டமும் ஒரு பயம். 1959இல் வந்த பம்பாய்ச் சட்டம் அது. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைத் தன் எல்லைக்குள் செல்லாதென்று அறிவித்தது. பிறந்த மண்ணில் சட்டம் உயிரோடுதான் இருக்கிறது. நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் உழைப்பாளியையும் பிச்சைக்காரர் என்று பிடித்துக்கொண்டுபோக அதற்குள் இடமிருக்கிறது. அந்த அம்மாவின் முகம் என்னிடம் இல்லை. கடைக்காரர் அழைத்ததும் அவர் எழுந்து, என்னிடம், "நீ சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்.

மான்கூர்டு

பைகுல்லாப் பெண்கள் சேலை விரித்து அளந்த வீடு கடைசியில் நகரத்தின் கிழக்கோரத்தில், மான்கூர்டில், மிலன் நகர் என்ற பெயரில் எழுந்தது. தெருவில் இருந்தவர்கள் தாங்களே சங்கம் அமைத்து, சேமித்து, அரசோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டிப் பெற்ற குடியிருப்பு. பைகுல்லா மௌசியின் தங்கை அங்கே இருந்தார். அவர் பெயர் வீடு பெறுவோர் பட்டியலில் இருந்தது, அக்காவின் பெயர் இல்லை. ஒரே நடைபாதையில் பிள்ளை பெற்றவர்கள் இருவரும்.

சின்ன வீடுதான். ஆனால் கதவு இருக்கிறது. தாழ்ப்பாள் இருக்கிறது. அவர் எனக்கு முதலில் காட்டியது தாழ்ப்பாளைத்தான். பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடைபாதையில் அரைக்கண் மூடித் தூங்கிய ஆண்டுகளைப் பற்றி அவர் சொன்னதை எழுத எனக்கு உரிமை இல்லை. பேத்தி கல்லூரியில் கணக்கியல் படிக்கிறாள். தோழிகள் வரும்போது பாட்டி பழைய நடைபாதைக் கதையை எடுப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. இருவரும் என் முன்னாலேயே சண்டை போட்டார்கள், நான் இருவர் பக்கமும் நின்றேன்.

வேலை இன்னும் பைகுல்லாவில்தான். ஹார்பர் பாதையில் ரே ரோடு வரை ரயில், அங்கிருந்து நடை. மறுநாள் விடியலில் அவரோடு நானும் போனேன். அவர் பெண்கள் பெட்டியில், நான் பொதுப்பெட்டியில் ஒரு கையால் தொங்கியபடி. இறங்கி நடக்கையில் மேற்கே வானம் கறுத்திருந்தது. அக்காவின் குடிசைக்கு அடுத்த இடத்தில் புதிதாக வந்த ஒரு குடும்பம் நீலத் தார்ப்பாயை விரித்துவைத்துவிட்டு எந்த முனையை எங்கே கட்டுவதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. கணவன், மனைவி, கைக்குழந்தை. என்னைக் கண்டதும் படம் எடுக்கச் சொன்னார்கள்.

"அதெல்லாம் அப்புறம்" என்று சகோதரிகள் இருவரும் ஒரே நேரத்தில் அதட்டினார்கள். கயிற்றின் ஒரு முனையை என் கையில் திணித்து, கம்பத்தில் ஏறச் சொன்னார் மூத்தவர். இளையவர் கீழே நின்று, "சுவர்ப் பக்கம் சாய்க்காதே பேட்டா, தண்ணி உள்ளே வரும், ரோட்டுப் பக்கம் இறக்கு, இன்னும் இறக்கு" என்று கத்திக்கொண்டிருந்தார்.